மேடையில் ஏறும் எண், அப்டேட்டில் இறங்கும் எண்

2020 அக்டோபரில் ஐபோன் 12 வெளியானபோது பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. சுற்றுச்சூழலைக் காப்பாற்றத்தான் என்றது ஆப்பிள். சாம்சங் சும்மா இருக்குமா? முகநூலில் ஒரு சார்ஜர் படத்தைப் போட்டு, கேலக்ஸி வாங்கினால் இதுவும் கூட வரும் என்று ஒரு குத்து குத்தியது. ஷியோமியும் தன் பங்குக்குக் கேலி செய்தது. டிசம்பர் கடைசியில் ஷியோமியின் மி 11 சார்ஜர் இல்லாத பெட்டியோடு வந்தது. (சீனாவில், கேட்டவர்களுக்குக் கூடுதல் காசு வாங்காமல் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 வந்தது, அதிலும் சார்ஜர் இல்லை. சாம்சங்கின் முகநூல் பதிவு அதற்குள் காணாமல் போயிருந்தது.

இது இவர்களுக்குப் புதிதல்ல. 2016 ஆகஸ்ட் 2 அன்று நியூயார்க்கில் கேலக்ஸி நோட் 7 அறிமுக விழா. அடுத்த ஐபோனில் ஹெட்போன் துளை இருக்காது என்ற செய்தி அப்போது ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தது. சாம்சங் அதிகாரி மேடையில் நின்று, இந்த போனில் வேறு என்ன இருக்கிறது தெரியுமா, ஹெட்போன் துளை இருக்கிறது என்றார். அரங்கம் ரசித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து நோட் 10-இல் சாம்சங்கே அந்தத் துளையை அடைத்துவிட்டு, ஆப்பிளைக் கிண்டலடித்த பழைய விளம்பரங்களையும் சத்தமில்லாமல் இறக்கியது.

துளை, சார்ஜர் போன்ற சண்டைகளில் தோற்றவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. பேட்டரியில் அப்படி விளையாட முடியாது. அந்த நோட் 7 மேடையிலேயே பின்னால் வந்த விபரீதத்துக்கான விதை இருந்தது. முந்தைய நோட் 5-இல் பேட்டரி 3,000 எம்.ஏ.எச்.; நோட் 7-இல் 3,500. கைக்கு அடக்கமான அதே வகை உடம்பில் ஆறில் ஒரு பங்கு கூடுதல்.

இந்தத் துறையை ஓரளவு தொடர்ந்து கவனிப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு முடிவு உண்டு. பேட்டரி விஷயத்தில் பெரிய நிறுவனங்களுக்கு ஒரே வழக்கம்தான்: எண்ணை மேடையில் ஏற்றிச் சொல்வார்கள், வேதியியல் ஒத்துவராதபோது ஒரு மென்பொருள் அப்டேட்டை அனுப்பி இறக்கிக்கொள்வார்கள். ஏற்றும்போது கைதட்டல், இறக்கும்போது பெரும்பாலும் மௌனம். சாம்சங், ஆப்பிள், கூகுள் மூவருமே இதைச் செய்திருக்கிறார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, பேட்டரிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

லித்தியம் அயனி பேட்டரிக்குப் பல பெற்றோர். 1970களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடங்கினார். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைச் சேர்த்தார். 1980களின் நடுவில் ஜப்பானின் அசாஹி காசெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ, உலோக லித்தியத்தை ஒதுக்கிவிட்டுக் கார்பனைப் பயன்படுத்திப் பாதுகாப்பான வடிவம் கொடுத்தார். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97.

சோனியின் அந்த முதல் செல் கிலோவுக்கு ஏறக்குறைய 80 வாட்-மணி ஆற்றலைத் தேக்கியது. முப்பது ஆண்டுக்கு மேலான உழைப்புக்குப் பிறகு, இன்றைய நல்ல போன் செல் அதைப்போல மூன்று மடங்கு சொச்சம் தேக்குகிறது. இதே காலத்தில் ஒரு சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் பத்து லட்சச் சொச்சத்திலிருந்து ஆயிரம் கோடிக்கு மேல் போய்விட்டன. சிப்பின் வேகத்துக்குப் பழகிய நிறுவனங்கள், ஆண்டுதோறும் ஒரு மேடை போட்டு, பேட்டரியும் அதே வேகத்தில் ஓடுவதாகக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருக்கின்றன. கோளாறு இங்கேதான் ஆரம்பம்.

செல்லின் அமைப்பு எளிது. ஒரு பக்கம் அலுமினியத் தகட்டில் பூசிய கோபால்ட் ஆக்சைடு, அது நேர்முனை. மறுபக்கம் செம்புத் தகட்டில் பூசிய கிராபைட், அது எதிர்முனை. நடுவில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் பிரிதாள். தடிமன் பத்து மைக்ரான் அளவு, அதாவது தலைமுடியில் பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ. இந்த மூன்றையும் சுருட்டியோ அடுக்கியோ ஒரு பைக்குள் போட்டு, மின்பகுளித் திரவம் ஊற்றி மூடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் ஆக்சைடிலிருந்து கிளம்பி, பிரிதாளைக் கடந்து, கிராபைட்டின் அடுக்குகளுக்கு இடையில் போய் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம். அதற்கு மேல் கிராபைட்டில் இடம் கிடையாது. இந்த ஆறுக்கு ஒன்று என்ற கணக்குதான் இத்தனை ஆண்டுகளாக எல்லா போன்களின் விதியையும் எழுதிவந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்பகுளி எரியக்கூடிய கரிமத் திரவம். இரண்டு முனைகளும் எங்காவது ஓரிடத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அந்த இடம் சூடாகும். சூடு பக்கத்திலுள்ள பொருள்களைச் சிதைக்கும். சிதைவு மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்தில் கோபால்ட் ஆக்சைடே ஆக்சிஜனை வெளியிடும். எரிபொருளும் உயிர்க்காற்றும் ஒரே பைக்குள். பேட்டரித் தீயை மூடி அணைக்க முடியாததற்குக் காரணம் இதுவே. எல்லாவற்றையும் தடுத்து நிற்பது அந்தப் பத்து மைக்ரான் பிளாஸ்டிக்.

அதே பைக்குள் எம்.ஏ.எச். கூட வேண்டுமென்றால் பிரிதாளை மெலிதாக்கலாம், ஓரங்களில் விடும் இடைவெளியைக் குறைக்கலாம். நோட் 7-இன் கதை ஓரங்களில்தான் நடந்தது. 2016 ஆகஸ்ட் 19 அன்று விற்பனை தொடங்கியது. ஐபோன் 7-க்கு முந்திக்கொள்ள சாம்சங் காலக்கெடுவை இறுக்கியது என்று ப்ளூம்பெர்க் பின்னர் எழுதியது. இரண்டே வாரத்தில் போன்கள் தீப்பிடிக்கும் செய்திகள் வந்தன. செப்டம்பர் 2 அன்று 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். குற்றவாளி ஒரு சப்ளையரின் பேட்டரி என்று சொல்லி, வேறொரு சப்ளையரின் பேட்டரி போட்ட புதிய போன்களை மாற்றிக் கொடுத்தார்கள். அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் லூயிவில் விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற சவுத்வெஸ்ட் விமானத்துக்குள் ஒரு போன் புகைந்தது. அது மாற்றிக் கொடுக்கப்பட்ட போன். அடுத்த வாரம் உற்பத்தியே நின்றது.

இடையில் நம் பக்கமும் ஒரு பரபரப்பு. செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைத்திருந்த சாம்சங் போன் ஒன்று புகைந்தது. ஆனால் அது நோட் 7 இல்லை, சில ஆண்டுகள் பழைய நோட் 2. லித்தியம் பேட்டரி எந்த வயதிலும் புகையலாம் என்பதற்கு நல்ல பாடமாக இருந்திருக்க வேண்டியது, பெயர் ஒற்றுமையால் நோட் 7 பீதியோடு கரைந்துபோனது.

2017 ஜனவரியில் சாம்சங் விசாரணை முடிவை வெளியிட்டது. 700 பேர், 2 லட்சம் போன்கள், 30,000 தனி பேட்டரிகள் என்று சோதித்திருந்தார்கள். முதல் பேட்டரியில், பையின் மேல் வலது மூலையில் இடம் போதாமல் எதிர்முனைத் தகடு மடங்கியிருந்தது. இரண்டாவது பேட்டரியில், பற்றவைத்த இடத்தில் இருந்த உலோகப் பிசிறுகள் காப்பு நாடாவையும் பிரிதாளையும் துளைத்திருந்தன; சிலவற்றில் அந்த நாடாவையே ஒட்ட மறந்திருந்தார்கள். ஒரே போன், இரண்டு சப்ளையர்கள், இரண்டு வெவ்வேறு பிழைகள், ஒரே விளைவு. முதல் பிழை இட நெருக்கடியில் பிறந்தது. இரண்டாவது, மாற்றுப் பேட்டரிகள் அவசரமாகத் தேவைப்பட்ட வாரங்களில் வெளிப்பட்டது. இரண்டையும் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கதையில் பலரும் மறந்துவிட்ட ஒரு துண்டு உண்டு. செப்டம்பரில், போனைத் திருப்பித் தராதவர்களுக்காக சாம்சங் ஒரு அப்டேட்டை அனுப்பியது. கொரியாவில் அது பேட்டரி 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் தடுத்தது. 3,500 என்று மேடையில் சொன்னது 2,100 ஆனது. உயிர் ஆபத்து இருந்ததால் இதில் தவறு சொல்ல முடியாது. வெளிப்படையாகச் சொல்லியும் செய்தார்கள். ஆனால் ஒரு வழி திறந்துவிட்டது: விற்ற பிறகும் பேட்டரியின் அளவைத் தொலைவிலிருந்து சுருக்கலாம்.

ஆப்பிளும் அப்டேட் வழியில்தான் போனது, பேட்டரிக்குப் பதில் வேகத்தைச் சுருக்கி, சொல்லாமல் போனது.

பேட்டரி கிழடாவதை நாம் இரண்டு விதமாக உணர்கிறோம். "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்பது ஒன்று. லித்தியத்தில் ஒரு பகுதி கிராபைட்டின் மேல் படியும் மெல்லிய படலத்தில் நிரந்தரமாகச் சிக்கிப்போவதால் வருவது அது. முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் பட்டென்று அணைந்துபோவது இன்னொன்று. அந்தப் படலம் தடிக்கத் தடிக்க, செல்லின் உள் மின்தடை ஏறும். சிப் திடீரென்று அதிக மின்னோட்டத்தைக் கேட்கும் நொடியில், அந்தத் தடையிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். பக்கத்து வயலில் மோட்டார் ஓடத் தொடங்கினால் நம் வீட்டு பல்பு மங்குமே, அதேதான். பல்பு மங்கினால் பரவாயில்லை. போனின் சிப்புக்குக் குறைந்தபட்ச வோல்டேஜ் இல்லாவிட்டால் அணைந்தே போகும். குளிரில் அயனிகள் மெதுவாக நகர்வதால் தொல்லை இன்னும் கூடும்.

ஐபோன் 6, 6எஸ் போன்கள் இப்படி அணைந்துபோயின. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில் ஆப்பிள் ஒரு வைத்தியம் செய்தது: பேட்டரி தளர்ந்திருந்தால் சிப்பின் உச்ச வேகத்தைக் குறை. பொறியியலாகப் பார்த்தால் இது புத்திசாலித்தனமான தீர்வு என்றே சொல்வேன். போன் திடீரென்று சாவதைவிட மெதுவாக ஓடுவது நல்லது. ஆனால் தன் போன் மெதுவானதற்குக் காரணம் பேட்டரி என்று பயனருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றியிருப்பார். தெரியாததால் புது போன் வாங்கினார். டிசம்பரில், கீக்பெஞ்ச் சோதனைச் செயலியைச் செய்யும் பிரைமேட் லேப்ஸின் ஜான் பூல், ஆயிரக்கணக்கான ஐபோன்களின் வேக அளவீடுகளை வரைபடமாகப் போட்டார். ஒரே மேடு இருக்க வேண்டிய இடத்தில் பல மேடுகள். ஒரே மாதிரி போன்கள் சில குறிப்பிட்ட வேகங்களில் கூட்டம் கூட்டமாக நின்றன. இயற்கையான தேய்மானம் அப்படிப் படிக்கட்டாக இறங்காது. யாரோ அளந்து இறக்கியிருக்கிறார்கள்.

இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மாத முடிவில் மன்னிப்புக் கேட்டு, 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 29 டாலராக்கியது. அமெரிக்காவில் பயனர் வழக்குகளை முடிக்க 50 கோடி டாலர் வரை தர 2020-இல் சம்மதித்தது. பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது.

சாம்சங் இதையும் விடவில்லை. பழைய ஐபோனின் மந்தத்தால் அவதிப்படும் ஒரு பெண் கேலக்ஸிக்கு மாறுவதாக 2018-இல் ஒரு விளம்பரம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், போன்களை மந்தமாக்கிய அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் குற்றச்சாட்டை மறுத்தது. பழைய நோட் 4 வைத்திருந்தவர்களிடம் வேறொரு போனுக்காக உருவாக்கிய அப்டேட்டைத் திணித்தது என்பதே ஆணையம் சொன்ன குற்றம். அந்த வேறொரு போன் எது? நோட் 7. இதைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இந்த இரு பெரியவர்களும் அடிபட்டு அடங்கியிருந்தபோது மேடையைப் பிடித்துக்கொண்டவர்கள் சீன நிறுவனங்கள். அவர்களுடைய முதல் ஆயுதம் வாட். 2014-இல் ஆப்போ வூக் என்ற தன் வேகச் சார்ஜ் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்க குவால்காமின் முறை வோல்டேஜை ஏற்றி அனுப்பி, போனுக்குள் இறக்கிக்கொள்ளும். அந்த இறக்கத்தில் போன் சூடாகும். ஆப்போ வோல்டேஜைக் குறைவாக வைத்து மின்னோட்டத்தை ஏற்றியது. சூடாகும் வேலையைச் சார்ஜரிடம் தள்ளிவிட்டது. நல்ல யோசனை. விலை என்னவென்றால், அந்தச் சார்ஜரும் அந்தக் கேபிளும் இல்லாவிட்டால் வேகமும் இல்லை. பிறகு 120 வாட், 2023 பிப்ரவரியில் ரியல்மியின் 240 வாட், 2024-இல் செயல்விளக்கமாக 320 வாட். 4,420 எம்.ஏ.எச். பேட்டரி நாலரை நிமிடத்தில் நிரம்பும் என்றார்கள்.

வாட் எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. அது உச்சம் மட்டுமே. சார்ஜ் ஏற ஏற கிராபைட்டில் காலியிடம் குறையும். வேகத்தைக் குறைக்காவிட்டால் உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அந்தப் படிவு ஊசிகளாக வளர்ந்து பிரிதாளைக் குத்தக்கூடும். அதனால் எந்த சார்ஜரும் முதல் சில நிமிடங்களில் பாய்ந்துவிட்டுக் கடைசி இருபது சதவீதத்தில் ஊர்ந்தே தீர வேண்டும். ஆப்பிளும் சாம்சங்கும் பல ஆண்டுகளாக 45 வாட்டுக்குள் நின்றதைச் சோம்பேறித்தனம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். ராத்திரி தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடுகிறவனுக்கு நாலரை நிமிடத்தால் என்ன லாபம்?

இரண்டாவது ஆயுதம் அப்படிப்பட்டதல்ல. அது உண்மையான அறிவியல் முன்னேற்றம். அதற்குரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

ஆறுக்கு ஒன்று என்ற கிராபைட்டின் கணக்கைச் சொன்னேன். சிலிக்கானின் கணக்கு வேறு: நான்கு சிலிக்கான் அணுக்களுக்குப் பதினைந்து லித்தியம். ஒரு கிராம் கிராபைட் அதிகபட்சம் 372 எம்.ஏ.எச். தாங்கும், ஒரு கிராம் சிலிக்கான் ஏறக்குறைய 3,600. பத்து மடங்கு. இது பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயன்படுத்த முடியாததற்குக் காரணம், இவ்வளவு லித்தியத்தை விழுங்கியதும் சிலிக்கான் மூன்று நான்கு மடங்கு உப்பும், காலியானால் சுருங்கும். கிராபைட் பத்து சதவீத அளவுதான் உப்பும். சில தடவை உப்பிச் சுருங்கியதும் சிலிக்கான் துகள் வெடித்து உடையும். ஒவ்வொரு உடைசலிலும் புதிய மேற்பரப்பு வெளியே வரும். அதன்மேல் புதிய படலம் படியும். ஒவ்வொரு படலமும் கொஞ்சம் லித்தியத்தைத் தின்னும்.

இதற்கான மருந்து, சிலிக்கானை நானோ அளவுக்கு நுணுக்கி, துளைகள் நிறைந்த கார்பன் கூட்டுக்குள் அடைப்பது. உப்புவதற்கான இடத்தைக் கூடு முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறது. அப்படியும் முழுவதையும் சிலிக்கானாக்க முடியாது. இப்போதைய போன்களின் எதிர்முனையில் ஒரு சிறு பங்குதான் சிலிக்கான், மற்றது கிராபைட். 2023 மார்ச்சில் ஹானர் தன் மேஜிக் 5 ப்ரோவின் சீன வடிவத்தில் இதைப் போட்டு 5,450 எம்.ஏ.எச். எட்டியது, உலகச் சந்தைக்கான வடிவத்தில் 5,100தான். சிலிக்கான் தன் கடைசிப் பங்கு ஆற்றலைக் குறைந்த வோல்டேஜில் தருவதால், அதைக் கறக்கத் தனியாக ஒரு சிப்பையும் ஹானர் வடிவமைத்தது. பிறகு மடை திறந்தது. ஒன்ப்ளஸ் 13-இல் 6,000. 2025 ஏப்ரலில் ஹானர் பவர், 8 மில்லிமீட்டர் தடிமனுக்குள் 8,000. அதே ஆண்டு ஒன்ப்ளஸ் 15-இல் 7,300.

அதே 2025-இல் சாம்சங் 5.8 மில்லிமீட்டர் மெலிந்த எஸ்25 எட்ஜை 3,900 எம்.ஏ.எச். பேட்டரியோடும், ஆப்பிள் 5.6 மில்லிமீட்டர் ஐபோன் ஏரை 3,149 எம்.ஏ.எச். பேட்டரியோடும் விற்றன. ஏருக்காகவே முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கூடுதல் பேட்டரியையும் ஆப்பிள் தனியாக விற்றது. மெலிவுக்குப் பணம் கொடு, மெலிவைப் போக்கவும் பணம் கொடு. இந்த வியாபாரத் துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இவர்கள் ஏன் சிலிக்கானுக்கு முந்தவில்லை? ஒரு காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. எம்.ஏ.எச். என்பது ஆற்றலின் அளவே அல்ல. அதை வோல்டேஜால் பெருக்கினால்தான் ஆற்றல். 5,000 எம்.ஏ.எச். செல் ஏறக்குறைய 3.85 வோல்ட்டில் 19.3 வாட்-மணி. அமெரிக்க, ஐரோப்பியச் சரக்குப் போக்குவரத்து விதிகளில் ஒரு தனி செல் 20 வாட்-மணியைத் தாண்டினால், சிறிய பேட்டரிகளுக்கான சலுகை போய், அபாயகரமான சரக்குக்கான கட்டுப்பாடுகள் வந்துவிடும். 2020-இன் எஸ்20 அல்ட்ரா முதல் 2025-இன் எஸ்25 அல்ட்ரா வரை சாம்சங் தன் அல்ட்ரா போன்களில் 5,000-ஐத் தாண்டாததில் இந்தக் கோட்டுக்கும் பங்குண்டு. ஆனால் இதையே முழுக் காரணமாக ஏற்க மாட்டேன். இரண்டு செல்களாகப் பிரித்தால் கோட்டைத் தாண்டலாம். ஒன்ப்ளஸ் அப்படித்தான் தாண்டியது. மீதிக் காரணத்தில் ஒரு பாதி நோட் 7 விட்டுச்சென்ற பயம். அது மரியாதைக்குரிய பயம். மறுபாதி, எப்படியும் விற்கிறதே என்ற மெத்தனம்.

சீன நிறுவனங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ரியல்மி ஜிடி 7 ப்ரோ சீனாவில் 6,500 எம்.ஏ.எச்.சோடு வந்தது, அதே பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது 5,800. பெயர் ஒன்று, விளம்பரப் படம் ஒன்று, பேட்டரி வேறு. அதைவிட முக்கியமானது வயது. சிலிக்கான் கலந்த போன்கள் பெருமளவில் விற்கத் தொடங்கியதே 2024-இல்தான். உப்பிச் சுருங்கும் ஒரு பொருள் நாலாவது ஆண்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஆய்வுக்கூடம் கணிக்கலாம். வெயிலில் டாஷ்போர்டில் கிடந்து, பைக்கில் மேப் பார்த்து, ராத்திரி முழுக்க தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறிய போன்கள்தான் உண்மையைச் சொல்லும்.

வயதான பேட்டரிகள் சொல்லும் உண்மை எப்படிப்பட்டது என்பதற்கு கூகுளைப் பார்க்கலாம். 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு அப்டேட் வந்தது. அந்த போன் வெளியானது 2020-இல். மென்பொருள் ஆதரவு முடிந்தே ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. செத்துப்போனதாகக் கணக்கு எழுதிய போனுக்கு எதற்கு அப்டேட்? நிறுவிய பலருக்குப் பேட்டரி பாதியாகக்கூட நிற்கவில்லை. சார்ஜ் ஏறும் உச்ச வோல்டேஜைக் குறைத்திருந்தார்கள். பேட்டரியின் நிலைத்தன்மையை மேம்படுத்த என்று மழுப்பலாகச் சொல்லி, இலவச பேட்டரி மாற்றமோ 50 டாலர் பணமோ தந்தார்கள். அதே ஆண்டு பிக்சல் 6ஏ-க்கு, 400 சுழற்சி தாண்டிய போன்கள் சூடாகும் அபாயத்தைச் சொல்லி, கட்டாய அப்டேட் அனுப்பினார்கள். உச்ச வோல்டேஜைக் குறைத்தால் பேட்டரிக்கு அழுத்தம் குறையும், ஆபத்து குறையும், வேதியியல் சரி. வாங்கியவர் கொடுத்த காசு 4,410 எம்.ஏ.எச்.சுக்கு, கடைசியில் கையில் நின்றது எவ்வளவு என்பதை அவருக்கு யாரும் எழுதித் தரவில்லை.

அதே 2025-இல் வந்த பிக்சல் 9ஏ-இல் கூகுள் ஒரு மாற்றம் செய்தது. 200 சுழற்சியில் தொடங்கி 1,000 சுழற்சி வரை பேட்டரியின் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைப்போம், அதை நிறுத்தி வைக்க வழியில்லை என்று உதவிப் பக்கத்தில் எழுதியே வைத்துவிட்டது. பலர் திட்டினார்கள். எனக்கு இது மூன்று நிறுவனங்களில் யாரும் இதுவரை முன்கூட்டியே காட்டாத நேர்மையாகத் தோன்றுகிறது. மேடையில் சொல்லவில்லையே என்றால், அதுவும் உண்மைதான்.

சுழற்சி என்ற சொல் இப்போதுதான் விலைப் பட்டியலுக்குள் நுழைகிறது. மொத்தமாக நூறு சதவீதம் சார்ஜ் செலவானால் ஒரு சுழற்சி. தினமும் முழுதாகக் காலி செய்பவருக்கு 1,000 சுழற்சி என்பது மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். எத்தனை சுழற்சி என்பதைப் பெட்டி லேபிளிலேயே போட வேண்டும். பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆனால் அதில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்: 500 சுழற்சியில் 83 சதவீதம், 1,000 சுழற்சியில் 80 சதவீதம் தாங்கி, தூசும் தண்ணீரும் புகாதபடி இருந்தால் ஒட்டி மூடியே விற்கலாம்.

ஆப்பிள் பல ஆண்டுகளாக 500 சுழற்சிக்கு 80 சதவீதம் என்று சொல்லிவந்தது. 2024 பிப்ரவரியில், ஏற்கெனவே விற்பனையில் இருந்த ஐபோன் 15 வரிசைக்கு அந்த எண்ணைத் திருத்தி 1,000 என்றது. பேட்டரியை மாற்றவில்லை, மறுபடி சோதித்துப் பார்த்தோம் என்றார்கள். ஐரோப்பிய விதி வெளியாகி ஆறு மாதம் ஆகியிருந்த நேரம் அது. சோதனையை நம்புகிறேன், நேரத்தைத் தற்செயல் என்று நம்பத்தான் மனம் வரவில்லை. ஆக, கழற்றி மாட்டும் பேட்டரி திரும்பி வரும் என்று காத்திருப்பவர்கள் விலை உயர்ந்த போன்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் ஐபோன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினால், எத்தனை சுழற்சி தாங்கும் என்ற எண் பெட்டியில் ஒட்டப்படும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி சென்னையில் விற்கும் அதே போனுக்கு அந்த லேபிள் கிடையாது. இங்கே அப்படி ஒரு விதி இல்லை. கடையில் கேட்டால் எம்.ஏ.எச்.சும் வாட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சுழற்சி எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்.